தள்ளுவது யார்?
ஆயர் ஈத்தாமில் நின்று விசையை ரசிப்பது எப்படி

நான்காம் படிவத்தில் இயற்பியல் எடுத்த பிள்ளைகளிடம் விசையும் இயக்கமும் பற்றிக் கேட்டால் சூத்திரங்களை மளமளவென்று ஒப்பிப்பார்கள். பஸ்காரர் பிரேக் போட்டதும் உங்களை முன்னால் தள்ளியது யார் என்று கேளுங்கள், முழிப்பார்கள். பஸ் என்பார் ஒருவர். நிலைமம் என்பார் இன்னொருவர். யாருமே தள்ளவில்லை என்பதுதான் சரியான விடை. பஸ்ஸின் தரை உங்கள் செருப்பைப் பிடித்து நிறுத்தியது. நெஞ்சையும் தலையையும் பிடிக்க யாரும் இல்லாததால் அவை பழைய வேகத்திலேயே போயின, அவ்வளவுதான்.

இந்தப் பாடத்தை ரசிக்கக் கையில் ஒரு கேள்வி இருந்தால் போதும். விசை என்று எதைச் சொன்னாலும், அதைக் கொடுப்பது யார் என்று கேட்க வேண்டும். கயிறு, தரை, கை, காற்று, பூமி என்று ஏதாவது ஒரு பொருள் பதிலாக வரவேண்டும். கொடுப்பவர் பெயரைச் சொல்ல முடியாவிட்டால் அங்கே விசையே இல்லை என்று அடித்துவிடலாம்.

கேள்வியை எடுத்துக்கொண்டு ஆயர் ஈத்தாமுக்கு வாருங்கள். ஜொகூரில் இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் எனக்குத் தெரியாது. யொங் பெங்கிலிருந்து தெற்கே இறங்கும் பழைய கூட்டரசு சாலையும், பத்து பகாட்டிலிருந்து குளுவாங் வழியாக மெர்சிங் போகும் சாலையும் வெட்டிக்கொள்ளும் ஊர் இது. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை 1994இல் முழுமை பெறும்வரை, கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே ஓடிய பஸ்களும் லோரிகளும் இந்தப் பக்கமாகத்தான் போயின. அவித்த சோளமும் பூந்தொட்டியும் விற்கிற சாலையோரக் கடைகள் அந்தக் காலத்து வியாபாரத்தின் மிச்சம்.

சமிக்ஞை விளக்கு தெரிகிற மாதிரி ஒரு காப்பிக் கடையில் உட்காருங்கள். பச்சை விழுந்ததும் முதலில் சீறுவது கப்சாய் மோட்டார் சைக்கிள். கடைசியாக முனகிக்கொண்டு கிளம்புவது செம்பனைக் குலை ஏற்றிய லோரி. பாரம் அதிகம் என்று எல்லாருக்கும் தெரியும். ரசிகர் கேட்க வேண்டியது, அந்த லோரியை முன்னால் தள்ளுவது யார்? இயந்திரம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் இயந்திரம் லோரிக்குள்ளேதான் இருக்கிறது. உள்ளே உட்கார்ந்துகொண்டு வண்டியை யாரும் தள்ள முடியாது. சக்கரம் சாலையைப் பின்னால் தள்ளுகிறது, சாலை சக்கரத்தை முன்னால் தள்ளுகிறது. லோரியை நகர்த்துவது தார்ச்சாலை! நம்பிக்கை வராவிட்டால், வெயிலில் காய்ந்த சாலையில் முதல் தூறல் விழும்போது பாருங்கள். படிந்த எண்ணெய்ப் பிசுக்கோடு ஈரம் சேர்ந்துவிடும். முறுக்கிக் கிளப்புகிற மோட்டார் சைக்கிளின் பின்சக்கரம் நின்ற இடத்தில் வழுக்கிச் சுழலும். இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லை. சாலை தர மறுக்கிறது.

அதே லோரி ஊரைத் தாண்டி, சமதளத்தில், நேர்ச்சாலையில், முள் அசையாமல் மணிக்கு 70 கிலோமீட்டரில் போகிறது என்று வையுங்கள். இப்போது அதன் மேல் நிகர விசை எவ்வளவு? பூஜ்யம். சாலை முன்னால் தள்ளுவதும், காற்றும் டயர்களின் உருளல் எதிர்ப்பும் பின்னால் இழுப்பதும் சரிக்குச் சரி. எஸ்பிஎம்மில் இதற்குச் சரியாக விடை எழுதுகிறவர்கூட மனசுக்குள் ஒப்புக்கொள்ள மாட்டார். ஓடுகிற பொருளை ஏதோ ஒன்று ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்றுதான் நமக்குத் தோன்றும். அரிஸ்டாட்டிலுக்கும் அப்படித்தான் தோன்றியது. உராய்வு இல்லாத இடத்தை நாம் பார்த்ததே இல்லை, வேறென்ன தோன்றும்? சரிவுப் பலகையில் குண்டை உருட்டிப் பார்த்த கலிலியோ, தடை இல்லாவிட்டால் அது ஓடிக்கொண்டே இருக்கும் என்று மனக்கணக்காகக் கண்டுகொண்டார். அந்த ஆராய்ச்சிகள் அடங்கிய அவருடைய நூல் 1638இல் வந்தது. நியூட்டன் அந்தக் கருத்தை 1687இல் முதல் விதியாக வைத்தார். விசை வேண்டியது ஓட்டத்துக்கு அல்ல, ஓட்டம் மாறுவதற்கு.

இனி, இந்த ஊர் பெயர் வாங்கிய மட்பாண்டத்துக்கு வருவோம். நீளமான டிராகன் சூளைக்குப் பேர்போன ஆவ் பாட்டரி இங்கேதான் இருக்கிறது. சக்கரத்தில் மண் வனைவதை எங்கே பார்க்கக் கிடைத்தாலும் அவசரப்படாமல் நின்று பாருங்கள். பூந்தொட்டியைப் பேரம் பேசுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் மானாமதுரைப் பக்கம் குயவர்கள் கனமான சக்கரத்தைக் கோலால் சுழற்றிவிட்டுக் கோலை எடுத்துவிடுவார்கள். சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும், இரண்டு கையும் மண்ணுக்கு. அந்த நேரத்தில் சக்கரத்தைச் சுழற்றுவது யார்? ஒருவரும் இல்லை. அதை மெல்ல மெல்ல நிறுத்துகிறவர்கள்தான் உண்டு: அடியிலுள்ள அச்சு, மண்ணை அழுத்துகிற உள்ளங்கை. கலிலியோவின் கணக்குக்கு இதைவிடப் பக்கமாகப் போகிற கைத்தொழில் குறைவு. இப்போதைய மின்சக்கரத்தில் இந்த அழகு மறைந்துபோகிறது. எனக்கு அதில் வருத்தம்தான்.

அடுத்து, விளிம்பிலிருந்து தெறிக்கிற சேற்றுத்துளியைக் கவனியுங்கள். அது மையத்திலிருந்து நேரே வெளிப்பக்கம் பாய்வதில்லை. பிடி விட்ட கணத்தில் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்ததோ அந்தத் தொடுகோட்டில் போகிறது. வெளியே இழுக்கிற விசை என்று எல்லாரும் சொல்கிறார்களே, அதைக் கொடுப்பது யார் என்று கேட்டால் அங்கே ஆளே இல்லை. உள்ளே இழுக்கத்தான் ஆள் உண்டு: பக்கத்து மண். ஒவ்வொரு மண்துணுக்கும் நேராகப் போகப் பார்க்கிறது, அண்டை மண் அதை வளைத்துப் பிடித்து வைக்கிறது. தண்ணீர் கூடிப் பிடிப்புத் தளர்ந்தால் பானையின் சுவர் விரிந்து சரிந்துவிடும்.

எவ்வளவு இழுக்க வேண்டியிருக்கிறது என்று கணக்குப் போட்டால் ஆச்சரியம். 30 சென்டிமீட்டர் அகலப் பானை, நொடிக்கு 2 சுற்று. விளிம்பின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1.9 மீட்டர், நடந்துபோகிறவரின் வேகத்தைவிடக் கொஞ்சம் அதிகம். ஆனால் விளிம்பு மண்ணின் மையநோக்கு முடுக்கம், விழுகிற தேங்காயின் முடுக்கத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். சுற்று இரண்டு மடங்கானால் தேவைப்படும் பிடி நான்கு மடங்கு. சுவர் உயர்ந்து மெலிந்து அகலும்போது வனைகிறவர் சக்கரத்தின் வேகத்தைக் குறைப்பதைப் பார்ப்பீர்கள். அவர் இந்த இருமடிக் கணக்கைப் பற்றி யோசிப்பதில்லை, மண் விரல்வழியாகச் சொல்கிறது.

கடை அலமாரியில் அசையாமல் இருக்கும் ஜாடியையும் விட்டுவிடாதீர்கள். பூமி அதைக் கீழே இழுக்கிறது, பலகை மேலே தாங்குகிறது. இந்த இரண்டும் நியூட்டனின் மூன்றாம் விதியின் இணை என்று பலர் எழுதிவைத்து மதிப்பெண் இழக்கிறார்கள். இரண்டும் ஜாடியின் மேலேயே செயல்படுகின்றன, இணையாக இருக்க வழியில்லை. பூமி ஜாடியை இழுப்பதற்கு இணை, ஜாடி பூமியை மேலே இழுப்பது.

திரும்பும்போது நெடுஞ்சாலையில் அதே இருமடிக் கணக்கு மறுபடி வரும். மணிக்கு 55 கிலோமீட்டரில் போகும் கார், நொடிக்கு நொடி 5 மீட்டர் வேகம் குறையும்படி பிரேக் பிடித்தால் நிற்க 23 மீட்டர் ஆகும். 110இல் 93 மீட்டர். கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி பிடித்தால் இன்னொரு 30 மீட்டர் சேர்ந்துவிடும். முன்னால் போகும் லோரியிடமிருந்து அந்த அளவுக்கு விலகி ஓட்டுங்கள். பின்னால் உட்கார்ந்திருக்கும் பெரியம்மாவிடமும் நம் கேள்வியைக் கேளுங்கள்: கார் சட்டென்று நின்றால் உங்களை நிறுத்துவது யார்? சீட் பெல்ட் அல்லது முன் இருக்கை, இரண்டில் ஒன்று. பின் இருக்கையிலும் பெல்ட் போடுவது மலேசியாவில் 2009 ஜனவரி 1 முதல் கட்டாயம்.