பாறைக்கு இணங்கிய சுவர்

ஐதராபாத்தின் மாதாப்பூரில் குடியிருப்பவர்கள் கோல்கொண்டா கோட்டைக்குப் போவதென்றால் துர்கம் செருவிலிருந்து புறப்படுவதுதான் முறை. 2020-இல் கேபிள் பாலம் திறந்ததிலிருந்து அங்கே எல்லோரும் பாலத்தோடுதான் செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள். கீழே கிடக்கும் ஏரிதான் குதுப் ஷாஹி சுல்தான்களின் அந்தக் கோட்டைக்குக் குடிநீர் கொடுத்தது. பாறைகளுக்கு நடுவே மறைந்து கிடந்ததால் ‘ரகசிய ஏரி’ என்று பெயர். இப்போது அண்ணாந்தால் கண்ணாடிக் கட்டடங்கள். என்ன ரகசியம் பாக்கி!

இந்தப் பக்கத்துக் கருங்கல்லை எப்படிக் கையாண்டிருக்கிறார்கள் என்று பார்க்கவே கோட்டைக்குப் போகலாம். மாதாப்பூரில் கட்டடம் எழுப்ப வேண்டுமானால் முதல் வேலை பாறையை உடைப்பது. கோல்கொண்டாவின் கொத்தனார் அப்படிச் செய்யவில்லை. வீடளவு உருண்டைப் பாறை குறுக்கே கிடந்தால், அதையே சுவரில் சேர்த்துக்கொண்டு இண்டு இடுக்கில் மட்டும் கல் அடுக்கியிருக்கிறார். எது மலை, எது மதில் என்று சில இடங்களில் விரலால் தடவித்தான் பிரிக்க முடியும். அந்த மூட்டுவாயில் சுண்ணாம்புச் சாந்து பாறையின் வளைவை அப்படியே பிடித்துக்கொண்டு போகிறது. எனக்கு அரண்மனையைவிட அதுதான் அழகு.

கோட்டையின் பாலா ஹிஸார் வாசலின் மேலே தோகை மயில்கள். அவற்றுக்குக் கீழே கல் உத்தரத்தில் யாளிகள். சுல்தான் கோட்டையில் யாளியா என்று நம்மூர்க்காரர் ஒரு கணம் நிற்பார்.

அந்த வாசலின் முன்மண்டபத்தில் கைதட்டினால் சுமார் 400 அடி உயரக் குன்றின் உச்சியில் கேட்கும். முட்டிவலி என்று, எங்களோடு வந்த பாட்டி கீழேயே உட்கார்ந்துவிட்டார். நாங்கள் படியேறி முடித்ததும் பேத்தி போனில், “பாட்டி, மேலே வந்துட்டோம், இப்ப தட்டுங்க” என்றாள். கீழே ஊரே தட்டிக்கொண்டிருக்கிறது, எது பாட்டியுடையது? பஜனைத் தாளம் காட்டிக்கொடுத்துவிட்டது.

ஏறும் வழியில் சுவர் பெயர்ந்த இடங்களில் சுட்ட மண்குழாய்கள் தெரியும். மாடு பூட்டிய சக்கரங்களால் தண்ணீரை ஒரு தொட்டியிலிருந்து அதற்கு மேலுள்ள தொட்டிக்கு என்று படிப்படியாக ஏற்றி, இந்தக் குழாய்களின் வழியே விட்டிருக்கிறார்கள். இந்தக் கோட்டையை 1687-இல் ஔரங்கசீப்பின் படை எட்டு மாதம் முற்றுகையிட்டும் மதிலை வெல்ல முடியவில்லை. கடைசியில் உள்ளிருந்தே ஒரு கதவு திறக்கப்பட்டது.

ராமர் கீர்த்தனைகள் இயற்றிய பத்ராசல ராமதாசரை அடைத்துவைத்திருந்த அறையும் இங்கேதான். மேலிருந்து விழும் கொஞ்ச வெளிச்சத்தில் சுவரில் ராமர், அனுமன் உருவங்கள். அவரே செதுக்கியவை என்கிறார்கள். சிற்பியின் கைவேலை இல்லை. கோடு அங்கங்கே தடுமாறுகிறது. அதனாலேயே நம்பத் தோன்றுகிறது. ராமதாசர் கீர்த்தனைகளைத் தஞ்சாவூர்ப் பக்கத்து பஜனையில் பாடிப் பழகிய பாட்டிக்குப் போட்டோதான் கிடைத்தது.

மாலையில் லும்பினி பூங்காவிலிருந்து படகு. கடலில்லாத ஐதராபாத்துக்கும் ஒரு தீவு உண்டு: உசேன் சாகர் ஏரியில் ‘ஜிப்ரால்டர் பாறை’. அதன்மேல் ஒரே கல்லில் சுமார் 58 அடி புத்தர். வடித்தவர் எஸ். எம். கணபதி ஸ்தபதி. 1990 மார்ச் 10-இல் சிலையை ஏற்றிப்போன மிதவை கவிழ்ந்து பத்துப் பேர் இறந்தார்கள். இரண்டரை ஆண்டுக்கு மேல் ஏரிக்கடியில் கிடந்த சிலையை 1992-இல் தூக்கி நிறுத்தினார்கள்.

தீவில் இறங்கியதும் எல்லோரும் காலடியில் நின்று முகத்தைத்தான் படமெடுக்கிறார்கள். அங்கிருந்து தெரிவது மோவாய்தான். பக்கத்தில் நின்றால் சீவர ஆடையைப் பார்க்க வேண்டும்: மடிப்புகள் ஆழமில்லாமல், உடம்பை ஒட்டிக்கொண்டு இறங்குகின்றன. முகத்துக்கு உரிய இடம் படகு. கரைக்குத் திரும்பும்போது பின்வரிசையில் உட்காருங்கள். தூரம் கூடக்கூட இமை சரியாகத் தாழ்ந்து வரும்.