வட்டம் யார் பக்கம்?

கோடு, வடிவம், நிறம், சமநிலை, முரண் என்று ஓவியப் பாடநூல்கள் அடுக்குவதைப் பார்த்தால் ஏதோ வர்க்கம், சாதி எல்லாம் தாண்டின இலக்கணம் போல இருக்கும். வட்டம்னா முழுமை, முக்கோணம்னா மோதல். நானும் ரொம்ப நாள் நம்பிக்கிட்டுதான் இருந்தேன்.

ரஷ்ய உள்நாட்டுப் போரின்போது, 1919-20இல், எல் லிஸ்ஸிட்ஸ்கி செய்த சுவரொட்டி இதைக் குலைத்தது. பாதி வெள்ளை, பாதி கறுப்புத் தளம். கறுப்புக்குள் இருக்கும் வெள்ளை வட்டத்தைச் சிவப்பு முக்கோணம் இடப்பக்கமிருந்து குத்திப் பிளக்கிறது. முழுமை எனப்பட்ட வட்டம் இங்கே எதிரி: புரட்சியை எதிர்த்த வெண்படை.

நம்ம திராவிடர் கழகக் கொடியிலும் வட்டம்தான். கறுப்பு சமூக இழிவு; நடுவில் உள்ள சிவப்பு அதை ஒழிக்கும் போராட்டம். அங்கே அடிவாங்கின வட்டம் இங்கே அடிக்கிறது. சமச்சீர் அச்சுப் பிசகாமல் இருக்கு. ஆனா யாரையும் அது சமாதானப்படுத்தல.

ஆக, வடிவத்துக்குள் அர்த்தம் உறைந்து கிடப்பதில்லை. எந்தப் போரில், யார் கையில் என்பதே அதைப் பேசவைக்கிறது. லிஸ்ஸிட்ஸ்கிகூட முக்கோணத்தை மட்டும் நம்பாமல், யார் யாரை அடிப்பது என்று எழுத்திலும் போட்டார். நம் தோழர்களோ ஒரு முஷ்டியை வரைந்துவிட்டால் அரசியல் வந்துவிட்டதாக நினைக்கிறார்கள். முஷ்டி எல்லாக் கட்சிக்காரன்கிட்டயும் இருக்கு. யாரை நோக்கி என்பதை யார் வரைவது?