மாணவர் செய்மதிகளும் மானிடப் பிரச்சினைகளும்: ஒரு விமர்சன நோக்கு

பல்கலைக்கழக மாணவர் தம் கையாற் செய்து விண்ணுக்கு அனுப்பும் சிறு செய்மதிகள் பற்றி எழுதப்படுவனவற்றில் இரு குரல்களே பெரிதும் கேட்கின்றன. உலகின் பெரும் பிரச்சினைகளை இளைஞர் தீர்க்கப் போகின்றனர் என்பது ஒன்று. வறிய நாடுகளுக்கு இஃது ஆடம்பர விளையாட்டு என்பது மற்றையது. இவ்விரண்டும் செய்மதிகளை நோக்கி எழுந்தவையல்ல. அவை பற்றிய அறிக்கைகளை நோக்கி எழுந்தவை. கலைப்பீட மாணவனுக்கு இதில் என்ன வேலை எனச் சிலர் வினவக்கூடும். ஒரு பொருளின் உறுதியைச் சோதிப்பது பொறியியலாளர் பணி. அதற்குக் கற்பிக்கப்படும் நோக்கத்தைச் சோதிக்கும் உரிமை எவருக்கும் உண்டு.

இம்முயற்சியின் தொடக்கம் அடக்கமானது. 1999இல் கலிபோர்னியாவிலே ஜோர்டி புயிக் சுவாரி, பொப் ருவிக்ஸ் என்னும் இரு பேராசிரியர்கள், பக்கமொன்று 10 சதமமீற்றரும் நிறை ஏறக்குறைய 1 கிலோகிராமும் கொண்ட சதுரமுகி வடிவினை வகுத்தனர். 'கியூப்சற்' என வழங்குவது இதுவே. மாணவன் பட்டம் பெற்று வெளியேறுமுன் ஒரு செய்மதியின் ஆக்கத்திற் பங்குகொள்ள வேண்டும் என்பதே அவர்தம் கருத்து. உலகைக் காப்பதாக அவர்கள் கூறவில்லை.

2003 யூன் 30இல் ருஷ்யாவின் பிளெசெற்ஸ்க் தளத்திலிருந்து இவ்வகைச் செய்மதிகள் முதன்முதலாக ஏவப்பட்டன. அவற்றின் கதி ஆராயத்தக்கது. டென்மார்க்கு மாணவரின் டீ.ரி.யூ.சற், ரொறன்ரோ மாணவரின் கான் எக்ஸ் 1 ஆகிய இரண்டும் ஒரு சொல்லும் பேசாது மௌனமாயின. தோக்கியோ பல்கலைக்கழகத்தின் எக்ஸ்.ஐ. 4 பத்தாண்டுகளுக்கு மேலாகத் தொழிற்பட்டு, பூமியின் படங்களை அனுப்பியது. ஸ்ரான்போர்ட் மாணவர் பங்குகொண்ட குவேக்சற் பூகம்பத்திற்கு முன் எழுவனவாகக் கருதப்பட்ட காந்தச் சமிக்ஞைகளைத் தேடிச் சென்றது. அதுவும் நன்கு இயங்கியது. ஆயின் பூகம்பத்தை முன்னறிவிக்கும் நம்பத்தக்க முறை இன்றுவரை நம்மிடம் இல்லை. இங்குதான் விமர்சகன் நிதானிக்க வேண்டும். பொறி வென்றது, பெருநோக்கு நிறைவேறவில்லை. இதனைத் தோல்வி என்பார், ஒரு மாணவர் குழு விஞ்ஞானத்தின் தீராத வினாவொன்றைத் தீர்த்திருக்க வேண்டும் என எதிர்பார்த்தவராவர். அவ்வெதிர்பார்ப்பை வளர்த்தது விளம்பர மொழியேயன்றி ஆய்வுகூடமன்று.

மௌனமான அவ்விரு பெட்டிகளும் மறைந்துவிடவில்லை என்பதையும் மனங்கொள்ளல் வேண்டும். ஏறத்தாழ 800 கிலோமீற்றர் உயரத்திற் காற்றின் தடை மிக அற்பம். அங்கு விடப்பட்ட பொருள் பல பத்தாண்டுகள் சுற்றிக்கொண்டேயிருக்கும். உலகப் பிரச்சினைகளைத் தீர்க்கப் புறப்படுவோர் விண்குப்பை என்னும் உலகப் பிரச்சினைக்குத் தாமும் பங்களிக்கின்றனர். (இம்முரண் வாழ்த்துரைகளில் இடம்பெறுவது அரிது.) தாழ்ந்த பாதையைத் தெரிவுசெய்வதே இதற்கு எளிய பரிகாரம்.

நம் நாட்டின் இராவணா 1 அத்தகைய தாழ்ந்த பாதையிற் சென்றதே. யப்பானின் கியூஷு தொழினுட்ப நிறுவகத்திற் பயின்ற இலங்கையர் இருவர், நேபாள, யப்பானிய மாணவருடன் இணைந்து உழைத்ததன் பயன் அது. 2019 யூன் 17இற் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து விடுவிக்கப்பட்டு, 2021இல் வளிமண்டலத்தில் எரிந்தொழிந்தது. இதற்கு இடப்பட்ட பெயர் புட்பக விமானத்தை நினைவூட்டுவது. பண்டைப் பெருமையைச் சூட்டுவதால் இளம் பொறியியலாளரின் உழைப்பு உயர்வதாக யான் கருதவில்லை. மாறாக அது மறைக்கப்படுகின்றது. அதிர்வுச் சோதனையிலும் வெற்றிடச் சோதனையிலும் ஈடுபட்டோர் கற்றது புராணமன்று.

அந்நிறுவகத்தின் 'பேர்ட்ஸ்' திட்டத்தின் உண்மை நோக்கம் செய்மதியன்று. பயின்றோர் நாடு திரும்பித் தம் மண்ணிலே அத்துறையை நிறுவ வேண்டுமென்பதே. இவ்வளவுகோலைக் கொண்டு நோக்குமிடத்து, பிலிப்பைன்சின் முயற்சி தனித்து நிற்கின்றது. 2018இல் மாயா 1ஐ யப்பானிற் செய்தவர்கள் தம் அனுபவத்தைத் தாயகத்துக்குக் கொண்டுவந்தனர். 2021இல் விண்ணிற் கலந்த மாயா 3, மாயா 4 ஆகியன பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழக மாணவரால் அந்நாட்டிலேயே ஆக்கப்பட்டன. இலங்கைப் பல்கலைக்கழகங்களின் முன்னுள்ள வினாவும் அடுத்த செய்மதிக்கு எப்பெயர் இடுவது என்பதன்று. அதனை எந்த ஆய்வுகூடத்தில், எந்த மாணவர், எவருடைய செலவில் செய்வது என்பதே.