மோட்டார் கவணில் மோட்டாரின் வேலை என்ன?

பள்ளி அறிவியல் கண்காட்சிகளுக்குச் செல்லும் வழக்கம் உங்களுக்கு உண்டா? அப்படியானால் இந்த மாதிரியை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். ஒரு பலகை, அதன்மேல் பற்சக்கரங்கள் பொருத்திய சிறு மஞ்சள் நிற மோட்டார், மோட்டாரின் அச்சில் ஒரு கரண்டி, பக்கத்தில் சில பேட்டரிகள். பொத்தானை அழுத்தியதும் கரண்டி சுழன்று, தன்மேல் இருக்கும் உருண்டையை எறிகிறது. இதற்கு 'ரோபோ கவண்' என்று பெயர்.

ஓய்வு நேரத்தில் இதைச் செய்து பார்க்கும் மாணவர்களைப் பாராட்ட வேண்டும். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் கிராமத்து மாணவர்களுக்கும் இத்தகைய மோட்டார் இன்று எட்டாக்கனி அல்ல. ஆனால் இதை ஓர் அறிவியல் படைப்பாக எடைபோட்டால் அடிப்படைக் குறை ஒன்று தெரிகிறது. எறிகிற வேலையையே மோட்டாரிடம் ஒப்படைத்துவிட்டார்கள்!

ஒரு சிறு கணக்குப் போடுவோம். மோட்டார் நிமிடத்துக்கு 100 முறை சுழல்கிறது. கரண்டியின் நீளம் 15 செ.மீ. என்று கொள்வோம். கரண்டி நுனியின் வேகம் வினாடிக்குச் சுமார் 1.6 மீட்டர். இந்த வேகத்தில் 45 பாகைக் கோணத்தில் புறப்படும் உருண்டை, அதே மட்டத்துக்கு வந்து சேர்வதற்குள் கடக்கும் தூரம் சுமார் 25 செ.மீ. அதாவது ஏறக்குறைய ஒரு சாண்! கையால் எறிந்தாலே பல மடங்கு தூரம் போகுமே!

மோட்டார் சிறியது என்பதா குறை? இல்லை. கவணின் தத்துவமே இங்கு விடுபட்டுப் போயிற்று. உண்டிவில்லை நினைத்துப் பாருங்கள். ரப்பரை மெதுவாக இழுக்கிறோம். நம் கை செய்த வேலை ரப்பரில் நிலையாற்றலாகச் சேர்கிறது. விட்டதும் அது நொடிப்பொழுதில் கல்லின் இயக்க ஆற்றலாக மாறுகிறது. மெதுவாகச் சேர்த்து விரைவாகச் செலவிடுவதுதான் கவணின் இரகசியம். 1961இல் நம் கடற்படையில் சேர்ந்து 1997இல் ஓய்வுபெற்ற விக்ராந்த் கப்பலிலும் முதலில் இருந்தது இந்த ஏற்பாடுதான். கலனில் சேர்த்து வைத்த நீராவியின் அழுத்தத்தைத் திடீரென்று திறந்துவிட்டு, விமானங்களைக் குறுகிய தளத்திலிருந்து வானில் ஏற்றினார்கள்.

ஆகவே நம் மோட்டார் எறிய வேண்டாம். இழுத்துக் கொடுத்தால் போதும். பழைய சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் பட்டை ஒன்றைக் கரண்டியோடு இணையுங்கள். மோட்டாரின் அச்சு நூலைச் சுற்றச் சுற்ற, கரண்டி பின்னே சாய்ந்து ரப்பர் விறைப்பேறும். பட்டையை 10 செ.மீ. இழுக்க, இறுதியில் 10 நியூட்டன் விசை தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் சேரும் ஆற்றல் ஏறத்தாழ அரை ஜூல். அதைச் சேர்க்க மோட்டார் 5 வினாடி எடுத்துக்கொண்டால், அது கொடுத்த திறன் 0.1 வாட் மட்டுமே. அதே அரை ஜூல் ஒரு வினாடியின் முப்பதில் ஒரு பங்கு நேரத்தில் வெளிப்படும்போது திறன் 15 வாட்! அந்த ஆற்றலில் பாதியே 10 கிராம் உருண்டையைச் சேர்ந்தாலும், அது சுமார் 5 மீட்டர் போய் விழும். மோட்டார் அதேதான், தூரம் இருபது மடங்கு.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. நூல் இழுத்துக்கொண்டே இருந்தால் கரண்டி எப்படிப் பாயும்? கரண்டியைப் பிடித்துக்கொள்ள ஒரு கொக்கி வேண்டும். கொக்கி பிடித்ததும் மோட்டாரைப் பின்னோக்கிச் சுழற்றி நூலைத் தளர்த்த வேண்டும். பிறகே கொக்கியை விடுவிக்க வேண்டும். இந்தக் கொக்கியைச் சரியாக அமைப்பதுதான் கடினம். மூளைக்கு உண்மையான வேலையும் அதுதான். மோட்டாரையே எறிய வைக்கும் மாதிரி இந்த வேலையைத் தட்டிக் கழித்துவிடுகிறது.

'ரோபோ' என்ற பெயரைப் பற்றியும் ஒரு சொல். பொத்தானை அழுத்தினால் சுழல்வது மின்விசிறியும்தான். அதை நாம் ரோபோ என்பதில்லை. கரண்டி போதிய அளவு சாய்ந்ததும் ஒரு சிறு சுவிட்சைத் தொட்டு, மோட்டாரைத் தானே நிறுத்தும்படி செய்யுங்கள். அப்போது அந்தப் பொறி தன் நிலையை உணர்ந்து செயல்படுகிறது. ரோபோ என்ற பெயருக்கு ஓரடி நெருங்குகிறது. 2016இல் தொடங்கிய அடல் புத்தாக்கத் திட்டத்தின் கீழ், ஆய்வுக்கூடம் அமைக்கப் பள்ளி ஒன்றுக்கு 20 இலட்சம் ரூபாய் வரை நிதி ஒதுக்கப்பட்டது. அத்தகைய கூடம் உள்ள பள்ளியில் செல்பேசியாலேயே கவணை இயக்கலாம். ஆனால் ஒரு சாண் தூரம் எறியும் கவணைச் செல்பேசியால் இயக்கினாலும் அது ஒரு சாண்தான் எறியும்.

இன்னொரு குறை, அளவீடு இல்லாமை. 1972இல் மத்தியப் பிரதேசத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் திட்டத்தில், மாணவர்கள் தாமே சோதனை செய்து, கண்டதைக் குறிப்பேட்டில் பதிந்தார்கள். நம் கவணுக்கும் அது பொருந்தும். சுடுமண் வேலைக்குப் பேர்போன வில்லியனூரில் களிமண்ணுக்கா பஞ்சம்? ஒரே எடையில் பத்து உருண்டைகள் பிடித்து உலர்த்துங்கள். ரப்பரை 4, 6, 8, 10 செ.மீ. இழுத்து, ஒவ்வோர் அளவுக்கும் பல முறை எறிந்து, தூரத்தைப் பதிவு செய்யுங்கள். இழுப்பு இரு மடங்கானால் தூரமும் இரு மடங்காகுமா, நான்கு மடங்காகுமா? விடையை முதலில் ஊகித்து எழுதிவிட்டு, பிறகு அளந்து பாருங்கள். கவணுக்கு எதிரே யாரும் நிற்கக் கூடாது. குறி எப்போதும் வெற்றுச் சுவரை நோக்கியே இருக்கட்டும்.

கண்காட்சி நடுவர்களாக வரும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "இது ஓடுமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். "எவ்வளவு தூரம் எறிகிறது? ஏன் அவ்வளவு தூரம்?" என்றும் கேளுங்கள். பாகூரிலிருந்து பழைய டியூபும் மூங்கிலும் கொண்டு செய்த கவணோடும் ஓர் அட்டவணையோடும் வந்து நிற்கும் மாணவி, பளபளப்பான ஆயத்தப் பெட்டியை வாங்கிப் பூட்டிய மாணவருக்குப் பின்தங்கிவிடக் கூடாது.