கருப்பையும் கணக்கேடும்

பெரியாரின் 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் 'கர்ப்பத்தடை' என்றொரு கட்டுரை உண்டு. அதற்குக் காலம் கடந்துவிட்டது என்பார் இன்று கிளம்பியுள்ளனர். தமிழகத்தில் பெண்ணொருத்திக்குச் சராசரி 1.8 குழந்தைதான் என்று 2019–21 குடும்பநல ஆய்வு கூறிற்றாம், முதியோர் பெருகுகின்றனராம், மக்களவை இடங்கள் பறிபோகுமாம்! 2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு அதிகம் பெறச் சொன்னார். மணவிழா மேடையில் தமிழக முதல்வர் ஸ்டாலினும் பதினாறு பிள்ளைப் பேச்சைத் தொட்டார். இடம் பறிபோகும் என்ற அச்சம் நியாயமானதே. அதற்கான போர்க்களம் டில்லி, பள்ளியறையன்று.

உடல்நலத்துக்காக, நாட்டின் வறுமை தீர என்று பிறர் கர்ப்பத்தடை கேட்டபோது, பெண்ணின் விடுதலைக்காக என்று தனித்து நின்றார் பெரியார். கட்டுரையின் உயிர் அங்கேதான். தலைக்கணக்கை நம்பிய வாதமானால், தலைகள் குறைந்ததும் சாய்ந்திருக்கும். 'நாம் இருவர், நமக்கு இருவர்' என்று சுவரில் எழுதிய சர்க்காரும், இன்று 'இன்னும் பெறுக' என்போரும் கருப்பையைப் பொதுச்சொத்தாகவே எண்ணுகிறார்கள்.

ருமேனியா 1966-இல் கருக்கலைப்பைத் தடைசெய்தது. மறு ஆண்டே பிறப்பு ஏறத்தாழ இரட்டித்தது, பிறகு சரிந்தது. 1989-இல் தடை நீங்குமுன் கள்ளக் கலைப்பில் மாண்ட பெண்கள் ஆயிரமாயிரம்!

முதியோரை யார் பேணுவது என்று கேட்கிறார்கள். இதுவரை பேணியவள் கூலியில்லா மருமகள்தானே? ஓய்வூதியத்துக்கும், ஊர்தோறும் முதியோர் பராமரிப்புக்கும், ஊதியம் பெறும் செவிலியருக்கும் வரவுசெலவுத் திட்டத்தில் எவ்வளவு ஒதுக்குவீர்கள் என்பதே நாம் அவர்களிடம் கேட்பது.