விடுதியின் கதையும் பேருந்தின் கதையும்

பல்கலைக்கழகம் என்ற சொல்லைக் கேட்டவுடன் தமிழ் வாசகர் மனத்தில் விரிவது மணிக்கூண்டும் மரநிழலும் விடுதி அறையும் அங்கே விடிய விடிய நடக்கும் விவாதமும்தான். இந்தச் சித்திரம் ஓரளவு கதைகளிலிருந்தும், பெரிதும் திரைப்படங்களிலிருந்தும் நமக்கு வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டில் பட்டம் பெறுவோரில் பெரும்பாலோர் இச்சித்திரத்துக்குள் ஒருநாளும் வாழ்ந்ததில்லை என்பதை நம் விமரிசனம் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை.

இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களில் பல்கலைக்கழகங்கள் சட்டத்தால் நிறுவப்பட்டபோது, அவற்றுக்கு முன்மாதிரியாகக் கொள்ளப்பட்டது இலண்டன் பல்கலைக்கழகம். கற்பிக்கும் பொறுப்பு கல்லூரிகளுடையது. தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவது பல்கலைக்கழகத்துடையது. பல்கலைக்கழகமே துறைகள் அமைத்துக் கற்பிக்கத் தொடங்கியது பல பத்தாண்டுகள் கழித்துத்தான். அந்த ஏற்பாட்டின் நேர் வாரிசாகவே 1982-இல் மருதமலை அடிவாரத்தில் பாரதியார் பல்கலைக்கழகம் தோன்றியது. அதன் வளாகத்துத் துறைகளில் படிப்போர் சிறு தொகையினர். கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி மாவட்டங்களில் பரவிய இணைவுக் கல்லூரிகளில் படித்தோரே பெருந்தொகையினர். திருப்பூரின் சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரியும் எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கலைக் கல்லூரியும் அந்த வரிசையில் உள்ளவை.

திருப்பூருக்கு வடக்கே, 2011-இல் மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட நெருப்பெரிச்சலில் வாழும் ஒரு மாணவரை எண்ணிப் பாருங்கள். அவருடைய பல்கலைக்கழகம் அறுபது கிலோமீட்டர் அளவுக்கு அப்பால் இருக்கிறது. மூன்றாண்டுப் படிப்பில் அவர் அதன் வாயிலை மிதிக்காமலே பட்டதாரியாகிவிடக்கூடும். அவருக்குப் பல்கலைக்கழகம் என்பது ஒரு பாடத்திட்டம், ஒரு நுழைவுச்சீட்டு, ஒரு மதிப்பெண் பட்டியல், சில சமயம் ஒரு அரியர். கல்லூரி என்பது காலைப் பேருந்தின் படிக்கட்டு. வகுப்பு முடிந்தபின் அவர் திரும்பும் தெருவில் பவர் டேபிள்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. வீட்டில் யாரேனும் செக்கிங்கிலோ அயர்னிங்கிலோ இருப்பார். விடுமுறையில் அவரும் கைமடிக்கவும் பிசிறு வெட்டவும் போவார். ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் தம்பியின் சனிக்கிழமைச் சம்பளம் அண்ணனின் தேர்வுக் கட்டணமாகும் வீடுகள் இப்பகுதியில் புதுமையல்ல. படிக்காமல் போனவனுக்கு உடனே காசு கிடைக்கும் ஊரில் படித்துக்கொண்டிருப்பது எப்படிப்பட்ட வாழ்க்கை? ஒரு நாவலாசிரியருக்கு இதைவிடச் செறிவான கேள்வி கிடைப்பது அரிது. ஆயினும் நம் எழுத்தில் இதற்குப் பதில் தேடினால் கைக்குக் கிடைப்பவை குறைவு.

ஆதவனின் ‘என் பெயர் ராமசேஷன்’ 1980-இல் வந்தது. பொறியியல் மாணவன் ஒருவன் தன் வேடங்களைத் தானே கழற்றிப் பார்க்கும் அந்நாவலின் கூர்மை இன்றும் மழுங்கவில்லை. விடுதியில் ஒருவன் மற்றவர் முன் எவ்வாறு தன்னை உருவாக்கிக் காட்டுகிறான், பெண்ணிடம் பேசும்போது எந்தக் குரலை எடுத்துக்கொள்கிறான் என்பவற்றை இவ்வளவு நுட்பமாகச் சொன்ன தமிழ்நாவல் வேறில்லை எனலாம். ஆனால் ராமசேஷனின் சிக்கல், நேரம் கையில் உள்ளவனின் சிக்கல். தன்னை ஆராய அவனுக்கு ஓர் அறையும் நீண்ட மாலைப்பொழுதும் தேவைப்படுகின்றன. அவை அவனுக்கு வாய்த்திருக்கின்றன. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவன் உலகின் எல்லை அது. பின்வந்தோர் அந்த எல்லையையே கல்லூரி வாழ்வின் எல்லையாகக் கொண்டதுதான் குறை.

திரைப்படங்களைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. தேர்வே எழுதாத மாணவர்களும் பாடமே நடத்தாத ஆசிரியர்களும் நிறைந்த அக்கல்லூரிகளை நாமனைவரும் அறிவோம். விலக்கு ஒன்று உண்டு. 1980-இல் வெளிவந்த ‘ஒருதலை ராகம்’ இ.எம். இப்ராஹிம் தயாரிப்பில் வந்தது. கதையும் பாடல்களும் டி. ராஜேந்தருடையவை. அதன் காதற் சோகத்தை இன்று முழுமையாக ஏற்பது கடினம். ஆனால் அதன் மாணவர்கள் ரயிலில் வந்து ரயிலில் போகிறவர்கள். நடைமேடையும் பெட்டியும்தான் அவர்களுடைய வளாகம். சிறுநகரக் கல்லூரி மாணவன் தன் இளமையின் கணிசமான பகுதியைப் பயணத்தில் கழிக்கிறான் என்ற எளிய உண்மையை, மிகை நாடகத்துக்கு நடுவிலும் அப்படம் பிடித்து வைத்திருக்கிறது. அது கொண்டாடப்பட்டதற்குப் பாடல்களைக் காரணமாகச் சொல்வார்கள். அந்த ரயிலுக்கும் அதில் பங்குண்டு என்பதே இக்கட்டுரையின் கணிப்பு.

அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ (1977) வேறு தரத்தது. சிக்கந்தராபாத்தில் ரயில்வே ஊழியரின் மகனாக வளரும் சந்திரசேகரன் நிஜாம் கல்லூரி மாணவன். 1947-க்கும் 1948-க்கும் இடைப்பட்ட காலம். அவன் சைக்கிள் மிதிக்கிறான், கிரிக்கெட் ஆடுகிறான், வீட்டு மாட்டைத் தேடி அலைகிறான், கல்லூரியைப் புறக்கணிக்கும் அழைப்பில் அரைமனதோடு கலந்துகொள்கிறான். மாணவ வாழ்வு என்று தனியே வேலியிட்ட ஒரு நிலம் அந்நாவலில் இல்லை. வீடும் வீதியும் அரசியலும் வகுப்பறைக்குள் தடையின்றிப் புகுகின்றன. இறுதியில் முஸ்லிம் குடும்பமொன்றின் அச்சத்தை நேருக்கு நேர் கண்டு வெட்கித்து ஓடும் இளைஞனிடம், அவன் எந்தப் பாடம் படித்தான் என்று யாரும் கேட்கப் போவதில்லை. முஸ்லிம் வாசகர் அப்பக்கங்களை எளிதில் கடந்துவிட முடியாது. ஆசிரியர் குரலை உயர்த்தாமல் இருப்பதுதான் அவற்றைத் தாங்கவியலாதனவாக்குகிறது.

அதே நகரத்தில் இன்னொரு கதையும் நடந்தது. 1918-இல் நிறுவப்பட்ட உஸ்மானியா பல்கலைக்கழகம் உருதுவைப் பயிற்றுமொழியாகக் கொண்டது. அதற்கென மொழிபெயர்ப்புத் துறை ஒன்று அமைந்து, அறிவியல், மருத்துவம், சட்டம் ஆகியவற்றின் கலைச்சொற்களை உருவாக்கியது. 1948-க்குப் பின் அந்த முயற்சி முடிவுக்கு வந்தது. இதை நம்மவர் பெரும்பாலும் இழப்பின் கதையாக மட்டும் நினைவுகூர்கின்றனர். 1960-இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் தமிழ்வழிப் பட்டப்படிப்பு சோதனை முறையில் தொடங்கப்பட்டபோது எழுந்த கேள்விகளும் ஏறக்குறைய அவையே: நூல்கள் எங்கே, சொற்கள் எங்கே, இதைப் படித்தவனுக்கு வேலை யார் தருவார்? பயிற்றுமொழி பற்றி நம்மிடம் கட்டுரைகள் குவிந்துள்ளன. பள்ளியில் தமிழில் படித்துவிட்டு முதல் செமஸ்டரில் ஆங்கில உரையின் முன் ஊமையாகும் ஒருவனின் உடல் எப்படிக் கூசுகிறது என்பதைக் கட்டுரைகள் சொல்வதில்லை. 2018-இல் மாரி செல்வராஜ் ‘பரியேறும் பெருமாள்’ படத்தில் அதைக் காட்டினார். திருநெல்வேலிச் சட்டக் கல்லூரியில் பரியனுக்கு நேரும் முதல் அவமானம் மொழியால் நேர்வது. சாதி அதன் பின்னாலேயே, அதே பெஞ்சில் வந்து அமர்கிறது. இரண்டையும் பிரித்துக் காட்ட இயலாதபடி பின்னியிருப்பது அப்படத்தின் பலம்.

முஸ்லிம் வாழ்வைச் சொல்லும் தமிழ்ப் புனைவுக்கு வருவோம். தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யில் (1988) பள்ளிக்கூடம் ஒன்று ஊருக்குள் வருவதே பெரும் போராட்டமாகிறது. சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’யில் (2004) பெண் பருவமெய்தும்போது பள்ளியின் கதவு அடைபடுகிறது. இரண்டும் தத்தம் அளவில் முக்கியமானவை. இரண்டிலும் கல்வி ஒரு வாசல். ஒருவர் உள்ளே போக முடியுமா முடியாதா என்பதே கேள்வி. உள்ளே போனபின் என்ன நடந்தது என்பதை நம் புனைவு இன்னும் தொடர்ந்து எழுதவில்லை. 1951-இல் சென்னையில் புதுக்கல்லூரியும் திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரியும் தொடங்கி எழுபதாண்டுகளுக்கு மேலாகிவிட்டன. ஒரு தலைமுறை படித்து ஓய்வும் பெற்றுவிட்டது. அவர்களிடமிருந்து விழா மலர்கள் வந்துள்ளன. அவற்றில் முதல்வர்களின் படங்களும் கட்டடங்களின் படங்களும் தவறாமல் இருக்கும். மாணவர் எங்கே தூங்கினார், எதைச் சாப்பிட்டார், யாரிடம் கடன்பட்டார் என்ற செய்தி மட்டும் இராது. இத்தனைக்கும் நம் பழைய சரித நூல்கள் இவ்விஷயத்தில் கூச்சப்பட்டதில்லை. இமாம் ஷாஃபிஈ இளமையில் தாள் வாங்க வழியின்றி எலும்புகளின்மீது எழுதிக்கொண்டார் என்பதை அவை பெருமையோடு பதிவு செய்கின்றன. ‘இல்மைத் தேடிய பயணம்’ ஒரு தனி இலக்கிய வகையாகவே வளர்ந்தது. கதீப் அல்பக்தாதீ ஒரே ஒரு ஹதீஸுக்காக மேற்கொள்ளப்பட்ட பயணங்களை நூலாகவே தொகுத்தார்.

இங்கே தாஹா ஹுஸைனின் ‘அல்அய்யாம்’ நினைவுக்கு வருவது இயல்பு. அதன் இரண்டாம் பாகம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெய்ரோவின் அஸ்ஹரில் ஒரு மாணவன் வாழ்ந்த வாழ்க்கை. 1902-இல் அங்கு சேர்ந்த அச்சிறுவனுக்குக் கண் தெரியாது. எனவே அஸ்ஹரின் தூண்களையும் மினாராக்களையும் வருணிக்கும் சலுகை அவனுக்கில்லை. தங்கும் அறையிலிருந்து பாடம் நடக்கும் இடம்வரை உள்ள வழியைத்தான் அவன் முதலில் சொல்கிறான். முகத்தில் படும் ஹுக்காப் புகை, படிக்கட்டின் அழுக்கு, பக்கத்து வீட்டுக் கூண்டுக்கிளியின் ஓயாத கத்தல், தெருவின் நாற்றங்கள். மாலையில் அண்ணன் பாடத்துக்கோ நண்பர்களிடமோ போய்விட, இருண்ட அறையில் தனியே கிடந்து அடுத்த அறையின் சிரிப்பொலியையும் தேநீர் கொதிக்கும் ஓசையையும் கேட்டுக்கொண்டிருக்கும் பக்கங்கள் உலக இலக்கியத்தில் மாணவத் தனிமையின் மிக உண்மையான பதிவுகளுள் சேரும். ரிவாக்கில் பெயர் பதிந்தவனுக்குக் கிடைக்கும் ரொட்டிப்படியும் அந்நூலில் ஒரு செய்தி. அறிவுத்தேட்டம் எவ்வளவு உயர்ந்ததாயினும் அது ரொட்டியின் எண்ணிக்கையோடு சேர்ந்தே நடந்தது என்பதை அவர் மறைக்கவில்லை. அஸ்ஹரின் பாடமுறை குறித்த அவரது கசப்பை ஏற்காத வாசகர் பலர் உண்டு. அவர் சில ஆசிரியர்களுக்கு நீதி செய்யவில்லை என்பதும் சரியே. ஆனால் அந்த வழியை, அந்த அறையைப் பற்றிய அவர் சாட்சியத்தை மறுக்க எவராலும் இயலவில்லை.

திருப்பூருக்கு அத்தகைய சாட்சி இன்னும் வாய்க்கவில்லை. தொழிலைப் பற்றி நல்ல எழுத்து உண்டு. சாயக்கழிவில் நொய்யல் அழிந்ததைச் சொல்லும் சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’ 1998-இல் வந்தது. ஐந்து நண்பர்களைத் தொடர்ந்து சென்று பனியன் நகரத்தின் ஆசைகளைச் சொல்லும் எம். கோபாலகிருஷ்ணனின் ‘மணல் கடிகை’ 2004-இல் வந்தது. இவ்விரு நாவல்களிலும் ஊரின் விசை ஒன்றே: வேலை இழுக்கிறது. அந்த இழுப்பை நூலிழை நூலிழையாக அறிந்த எழுத்தாளர்கள், அதை எதிர்த்து மூன்றாண்டு நிற்பவரைக் கதையின் நடுவில் வைக்கவில்லை. நின்றவர் குறைவு என்பது காரணமாகாது. 2021-இல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமின்றிப் பயணம் வந்தது. 2022-இல் அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு உயர்கல்விக்கென மாதம் 1000 ரூபாய் வழங்கும் திட்டம் தொடங்கியது. ஒரு வீட்டில் மகளைக் கம்பெனிக்கு அனுப்புவதா கல்லூரிக்கு அனுப்புவதா என்று நடக்கும் கணக்கில் இத்தொகைகள் நேரடியாகப் போய் அமர்கின்றன. கம்பெனிச் சம்பளத்தின் அருகில் ஆயிரம் ரூபாய் சிறிதுதான். ஆனால் அது மகளின் பெயரிலான வங்கிக்கணக்கில் வருவது. அந்த வேறுபாடு தந்தையின் பேச்சில், தாயின் மௌனத்தில், தம்பியின் பொறாமையில் எப்படி வெளிப்படுகிறது என்பது புள்ளிவிவரத்தில் அகப்படாது.

முக்காடிட்ட மாணவி ஒருத்தி காலைப் பேருந்தில் செக்கிங் வேலைக்குப் போகும் தன் பழைய பள்ளித்தோழியின் அருகில் நின்று பயணம் செய்கிறாள். ஒருத்தி கையில் சாப்பாட்டுத் தூக்கு, மற்றவள் கையில் நோட்டு. இருவரும் பேசிக்கொள்வது எதைப் பற்றி? முன்னவள் இறங்கும் நிறுத்தம் முதலில் வருகிறது. இறங்குமுன் அவள் நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறாளா, அல்லது வாங்குவதேயில்லையா என்பதிலிருந்து ஒரு நாவலைத் தொடங்கலாம்.