கல்லும் முகமும்

1867-இல் பெய்ரூட்டில் படநிலையம் அமைத்த பிரெஞ்சுக்காரர் ஃபெலிக்ஸ் போன்ஃபிஸ் முதலானோர் எடுத்த அரபு நாட்டுப் புகைப்படங்களை மேலைநாட்டுத் திருயாத்திரிகர் ஆவலோடு வாங்கிச் சேர்த்தனர். பின்னர் எருசலேமில், அமெரிக்கன் காலனி என்னும் கிறிஸ்தவக் குழுவின் படப்பிடிப்பாளர், 23-ஆம் சங்கீதத்துக்கு விளக்கமாக அந்நாட்டு மேய்ப்பரைப் படமெடுத்தனர். இப்படங்களின் அழகை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அம்மேய்ப்பர் வேதகால உருவமாகவே காட்டப்பட்டார். நிலத்துக்கும் வரிக்கும் கவலைப்பட்டு, தம் காலத்தில் வாழ்ந்த ஒரு மனிதராக அல்ல. அத்தொகுப்பின் குறை இதுவே.

நம் நாட்டிலும் 1858-இல் லின்னேயஸ் டிரைப் எடுத்த மதுரை, தஞ்சைக் கோயிற்படங்களில் கல்லே மேலோங்கி நிற்கிறது. மக்கள் அரிதாகவே தென்படுகின்றனர்.

திருப்பெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில் ஊழியம் செய்வோர் இதனை எண்ணுதல் வேண்டும். இராமாநுசர் பிறந்த ஊரின் கோயிலைப் பலரும் படமெடுப்பர். இன்று தொழிற்சாலைகள் நிற்கும் நிலத்தில் அன்று நாற்று நட்டவர்களின் படங்களோ டிரங்குப் பெட்டிகளில் மங்குகின்றன. அவற்றைச் சேர்ப்போர், முதியோர் உயிரோடிருக்கையிலேயே கேட்டறிந்து, பின்புறத்தில் பெயரும் ஊரும் ஆண்டும் பென்சிலால் எழுதிவைப்பார்களாக. நல்ல மேய்ப்பர் தம் ஆடுகளைப் பெயரால் அறிகிறார் என்று போதிக்கும் நாம், பெயரற்ற முகங்களைச் சேர்த்துவைப்பதோடு நிறைவடையலாமோ?